முப்பத்திரண்டாம் அத்தியாயம்

கடைசி வரிசைதான் வேண்டும் என்று தங்கை ஒரே பிடியாக நின்றாள். டிக்கெட் பதிவு செய்து கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண், நடு வரிசையில் உட்கார்ந்தால் கழுத்து வலிக்காது, சத்தமும் காதைக் கிழிக்காது என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். தங்கை காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் படத்தை மட்டும் பார்க்க வரவில்லை. உள்ளே வருகிறவர்களையும் வெளியே போகிறவர்களையும் ஒருவர் விடாமல் பார்க்க வேண்டும். அதற்குக் கடைசி வரிசைதான் தோது. அறுபது தாண்டிய ஆண் யாராவது தனியாக வருகிறாரா என்று விளக்கு அணைகிற வரையில் அவள் கண் வாசலிலேயே இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு இது தெரியும். எழுபத்தொரு வயது. முப்பத்தாறு வருடம் ஒரே அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர். அச்சுக் கோர்த்து எடுத்த தாளை மூலப் பிரதியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, பிழையைச் சிவப்பு மையில் திருத்துகிற வேலை. அவர் கண்ணுக்குத் தப்பிய பிழை இல்லை என்று பேர் வாங்கியதால் அச்சகத்தில் அவரைப் 'பூதக்கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி மட்டும், சம்பள நாளில், 'சார்' போட்டுக் கூப்பிடுவார்.

தங்கையின் மடியில் துணிப்பை. பைக்குள் அந்தப் புத்தகம். அவர்கள் குடும்பத்தில் 'அந்தப் புத்தகம்' என்றால் ஒன்றுதான். நாற்பது வருடத்துக்கு முன்னால் அண்ணனின் அச்சகம் போட்ட நாவல், முதல் பதிப்பு, ஆயிரம் பிரதி. கல்யாணத்துக்கு முன்பே அண்ணன் தங்கைக்குக் கொண்டுவந்து கொடுத்தது.

கதை ஓர் எடைக்கல் ஆய்வாளனைப் பற்றியது. கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிறவன். ஒருநாள் அவனுக்கு, நிறுக்கவே முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது, அதைத் தேடாமல் தான் இத்தனை நாள் இரும்புக்கட்டிகளை நிறுத்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றிவிடுகிறது. மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டுக் கிளம்புகிறான். எங்கெங்கோ அலைகிறான், கண்ட இடத்தில் பாத்திரம் கழுவிச் சாப்பிடுகிறான். முப்பத்தோராம் அத்தியாயத்தில் ஒரு பெரிய ஆற்றைக் கடக்கப் படகில் ஏறுகிறான். முப்பத்திரண்டாம் அத்தியாயத்தில், பத்தொன்பது வருடம் கழித்து, அக்கரையில் இருக்கிற ஒரு கிழவர் அவனைக் கூப்பிட்டு, நிறுக்காமலே விட்டுவந்தது ஒன்று வீட்டில் இருக்கிறது, போ என்று அனுப்பிவிடுகிறார். அவன் திரும்பி வருகிறான். வீட்டுக் கதவைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். அந்தச் சத்தம் கேட்டு அடுப்படியில் இருக்கிற மனைவிக்கு யாரென்று தெரிந்துவிடுகிறது. அதோடு நாவல் முடிகிறது.

தங்கையின் கணவர் ஒரு பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். கண்ணாடிக் குழாய்களில் அமிலத்தை அளந்து ஊற்றி ஊற்றி, வீட்டிலும் அந்தக் கை வந்துவிட்டது. காபிக்குச் சர்க்கரை போடுகிறபோது கரண்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். எழுதியிருந்தால் எழுதியிருக்கிறபடி செய்கிற மனிதர். மருந்துச் சீட்டில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று இருந்தால், காய்ச்சல் கொதித்தாலும் சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை. அவர் அந்தப் புத்தகத்தை ஒன்றரை வருடம் படித்தார். ஒரு நாளைக்கு அரைப் பக்கம், சில நாள் அதுவும் இல்லை. கதையைச் சொல்லிவிடாதே என்று மனைவியிடம் முதலிலேயே சொல்லி வைத்திருந்தார். அவளும் வாயைத் திறக்கவில்லை. படித்து முடித்த வாரம், ஒரு புதன்கிழமை மத்தியானம், ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்தார். வீட்டுக்கு வந்து சட்டை மாற்றிக்கொண்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இருபத்தாறு வருடம் ஆகிறது. மகளுக்கு அப்போது ஏழு வயது.

போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். பத்திரிகையில் படம் போட்டார்கள். அண்ணன் ஊர் ஊராகத் தியான மையங்களின் படியேறி இறங்கினார். ஒரு தகவலும் இல்லை. ஆனால் தங்கை மற்றவர்கள் பயந்த மாதிரி உடைந்து போகவில்லை. மருந்துக்கடையில் பில் போடுகிற வேலைக்குப் போனாள், மகளைப் படிக்க வைத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அவளுக்கு ஒரு தைரியம் இருந்தது. அவர் எந்தப் புத்தகத்தைப் படித்துப் போனாரோ, அந்தப் புத்தகத்தின் கடைசியில் அவன் திரும்பி வருகிறான். எழுதியிருக்கிறபடி செய்கிற மனிதர் அதை மட்டும் செய்யாமல் விடுவாரா? அவள் வீட்டுக் கதவும் மழைக்காலத்தில் ஊதிக்கொள்ளும். தச்சரைக் கூப்பிட்டு இழைக்கலாம் என்று மகள் எத்தனையோ தடவை சொன்னாள். தங்கை விடவில்லை. பத்தொன்பதாவது வருடம் வந்தபோது வீட்டுக்கு வெள்ளையடித்தாள். அந்த வருடமும் போயிற்று. "அவரு எதையும் நிதானமாத்தான் செய்வாரு. சட்டைக்குப் பட்டன் போடவே கால் மணி நேரம் ஆகும்" என்று அண்ணனிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இப்போது அந்தக் கட்டடத்தையே இடிக்கப் போகிறார்கள். நான்கு வீட்டில் மூன்று வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டாயிற்று. தங்கை ஒருத்திதான் பாக்கி. மாதக் கடைசிக்குள் போடாவிட்டால் மற்ற மூவரும் கோர்ட்டுக்குப் போவார்கள். வேறு ஊரில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருக்கும் மகள், வா என்கிட்டே என்று போனில் கெஞ்சி, கோபப்பட்டு, அழுது, ஓய்ந்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் அந்தப் புத்தகம் படமாக வருகிற செய்தி வந்தது. தங்கை தீர்மானமாகச் சொன்னாள்: "படம் வரட்டும். அவரு எந்த மூலைல இருந்தாலும் பாத்துருவாரு. கடைசி சீனப் பாத்தா கால் தானா வீட்டப் பாக்கத் திரும்பும். வந்து நிக்கும்போது வீடே இல்லன்னா என்ன பண்றது?"

படம் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்பதுதான் மகளிடமும் பக்கத்து வீட்டாரிடமும் அவள் வாங்கியிருந்த தவணை.

அண்ணனுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. அவள் கணவர் கொண்டுபோன புத்தகம் அவள் பையில் இருக்கிற புத்தகம் இல்லை.

கணவர் படிக்கக் கேட்டபோது தங்கையின் பிரதி யாரோ ஒரு சிநேகிதி வீட்டில் சிக்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அச்சகம் மலிவுப் பதிப்பு போட்டிருந்தது. அண்ணன் அதில் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். அந்த மலிவுப் பதிப்பில் முப்பத்தோரு அத்தியாயம்தான் உண்டு.

நடந்தது இது. புத்தகம் பதினாறு பதினாறு பக்கமாக ஒரே தாளில் அச்சாகும். முதல் பதிப்பின் கடைசி எட்டுப் பக்கம் தனியாக அச்சடித்துப் பசையால் ஒட்டியது. மலிவுப் பதிப்புக்காக மறுபடி அச்சுக் கோர்க்க அலமாரியிலிருந்து எடுத்த பிரதியில் பசை காய்ந்து அந்த எட்டுப் பக்கமும் உதிர்ந்து போயிருந்தது. இருநூற்று நாற்பதாம் பக்கத்தின் அடியில் முப்பத்தோராம் அத்தியாயம் கனகச்சிதமாக முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அட்டைதான்.

பூதக்கண்ணாடி அந்த மெய்ப்பை மூன்று தடவை படித்தார். அந்த நாவலை முன்பே படித்தவர்தான். ஆனால் மெய்ப்புத் திருத்துகிறவன் கதையைப் படிக்கக் கூடாது. கதைக்குள் கால் வைத்தால் கண் எழுத்தை விட்டு ஓடிவிடும். அதுதான் அவர் தொழிலுக்கு வந்த முதல் மாதம் கற்றுக்கொண்டது. அவர் எழுத்தை மட்டும் படித்தார். ஒரு பிழைகூட மிச்சமில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. யோசித்தார். அந்த அச்சகத்தில் எந்த நாவலும் 'முற்றும்' என்ற சொல்லோடுதான் முடியும். இதில் அது இல்லை. கோர்ப்பவன் விட்டுவிட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டு, கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில், தன் கையால், முற்றும் என்று எழுதிச் சேர்த்தார்.

நான்கு மாதம் கழித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது: கடைசி அத்தியாயம் எங்கே? அண்ணன் அதை இரண்டு தடவை படித்தார். கடிதத்தை முதலாளியிடம் கொண்டுபோனார். முதலாளி அதற்குள் வந்திருந்த மற்ற கடிதங்களை எடுத்து மேசையில் பரப்பினார். "பதினோரு பேரு, படகோட விட்டது அபாரம்னு எழுதியிருக்கான். ஒருத்தன்தான் காணோம்னு எழுதியிருக்கான். எழுதின மனுஷன் போயிச் சேந்து ரெண்டு வருஷமாச்சு. நீங்க எதுக்கு வாரிச் சுருட்டிக்கிட்டு வர்றீங்க?" அதற்குப் பிறகு வந்த பதிப்புகள் எல்லாம் அந்த மலிவுப் பதிப்பைப் பார்த்துப் போட்டவை. படகு முடிவு பேர் பெற்றுவிட்டது. யாராவது அதைப் பற்றிச் சொன்னால் தங்கை சிரிப்பாள்; இவர்கள் கடைசி வரைக்கும் படிக்கவில்லை என்பாள்.

சினிமாக்காரர்கள் எந்தப் பதிப்பைப் பார்த்துப் படம் எடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு போன் போதும். முதலாளியின் மகனிடம் நம்பர் இருந்தது. அண்ணன் மூன்று வாரமாக அந்த நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பண்ணவில்லை. எங்காவது பழைய நூலகத்தில் முதல் பதிப்பு கிடைத்திருக்கலாம், கிடைத்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

விளக்கு அணைந்தது. பற்பசை, வீட்டுமனை, மறுபடி பற்பசை. பிறகு படம்.

கதாநாயகனைப் பார்த்ததும் தங்கைக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "எடைக்கல்லச் சோதிக்கிறவன் மாதிரியா இருக்கான். எடைக்கல்லத் தூக்கிப் பழகினவன் மாதிரி இருக்கான்" என்று அண்ணன் காதில் சொன்னாள். நாவலில் இல்லாத தங்கச்சி ஒருத்தி வந்தாள், அவளுக்கு ஒரு பாட்டு வந்தது. மற்றபடி ஒழுங்காகத்தான் எடுத்திருந்தார்கள். கடைக்காரன் தராசுத் தட்டின் அடியில் ஒட்டியிருந்த புளியை ஆய்வாளன் விரலால் சுரண்டி எடுக்கிற இடம் அப்படியே இருந்தது. தங்கைக்கு நாவல் மனப்பாடம். இது நாலாவது அத்தியாயம், இது ஒன்பதாவது, பத்தை விட்டுவிட்டார்கள் பரவாயில்லை என்று விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். அவன் வீட்டை விட்டுப் போகிற இடத்தில் மட்டும் அவள் விரல் மடங்கவில்லை. பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

இடைவேளையில் எல்லோரும் பாப்கார்னுக்கு வரிசையில் நிற்க, தங்கை கூடத்தின் நடுவில், வரிசைக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி நின்றாள். அண்ணன் சற்றுத் தள்ளி ஒரு தூணோரம் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெரியவர் முதுகு காட்டி நின்றார். குட்டையான மனிதர், வலது தோள் கொஞ்சம் இறங்கினாற்போல. காகிதக் கோப்பையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துத் தண்ணீர் பிடித்தார். தங்கை அவரை நோக்கி நடந்தாள். வேகமாக இல்லை; பத்தடி தூரத்தைக் கடக்க வெகுநேரம் ஆனது. பெரியவர் திரும்பினார். வேறு முகம். ஒரு கணம் இரண்டு பேரும் நின்றார்கள்.

"மணி என்ன ஆச்சுங்க?" என்று கேட்டாள் தங்கை.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். அவள் நன்றி சொல்லிவிட்டு அண்ணனிடம் வந்தாள். "மூணு பத்து" என்றாள், அவர் கேட்ட மாதிரி.

இரண்டாம் பாதியில் அண்ணன் படத்தைப் பார்க்கவில்லை, அத்தியாயத்தை எண்ணினார். இருபத்தைந்து. இருபத்தெட்டு. அவன் பாத்திரம் கழுவுகிற சத்திரம். முப்பது. ஒவ்வொன்றுக்கும் தங்கை விரலை மடக்கினாள். எந்தப் பக்கம் போகும் என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. படத்தின் நீளத்தை வைத்துப் பார்த்தால் இன்னும் கால் மணி நேரம் இருக்க வேண்டும் என்று இருட்டில் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆறு வந்தது. மூடுபனி. படகு. அவன் ஏறினான். படகுக்காரன் துடுப்பால் கரையை உந்தினான். படகு நகர்ந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கேமரா மேலே போய், மேலே போய், பனி திரை முழுக்க வெள்ளையாகப் பரவியது. புல்லாங்குழல். பிறகு வெள்ளையில் கறுப்பாகப் பெயர்கள் ஏறத் தொடங்கின.

கைதட்டினார்கள். முன் வரிசையில் ஒருவன் எழுந்து நின்றே தட்டினான். புத்தகத்தில் இருக்கிற முடிவைத் தொடாமல் விட்டதற்கே ஒரு கும்பிடு போடலாம் என்று பக்கத்தில் ஒரு பெண் தோழியிடம் சொல்லிக்கொண்டு போனாள். கூட்டம் படியிறங்கியது. தங்கை அவர்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. அவள் கண் திரையிலேயே இருந்தது. அண்ணன் எழுந்தார்.

"உக்காருங்கண்ணா. இன்னும் இருக்கு."

"பேர் போட்டுட்டாங்களேம்மா."

"பேர் போட்டப்புறம் வரும். இப்பல்லாம் அப்படித்தான் வைக்கிறாங்க. கடைல பொண்ணுங்க சொல்லுச்சு."

அண்ணன் உட்கார்ந்தார். பெயர்கள் ஏறிக்கொண்டே இருந்தன. ஒப்பனை, விளக்கு, ஓட்டுநர்கள், உணவு ஏற்பாடு, நன்றி சொல்லப்பட்ட மீனவர் சங்கம். பழக்க தோஷத்தில் அவர் கண் ஒவ்வொரு வரியாகப் படித்தது. ஒரு பெயர் இரண்டு தடவை வந்திருந்தது. துடைப்பமும் குப்பைப் பையுமாக ஒரு பெண் முன் வரிசையிலிருந்து பெருக்கிக்கொண்டே மேலே வந்தாள். திரை கறுத்தது. பெரிய விளக்குகள் எரிந்தன. தங்கை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"படம் முடிஞ்சுதும்மா" என்றாள் பெருக்குகிற பெண். "டீ வாங்கிக் கொடுத்த ஆளு வரைக்கும் பேர் போட்டாச்சு."

வெளியே கூடத்தில், சுவரோரம் போட்டிருந்த சிவப்பு சோபாவில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். தங்கைக்கு மூச்சு வாங்கியது. கோபம் வந்தால் அவளுக்கு அப்படித்தான். முப்பத்திரண்டாவது அத்தியாயத்தை எப்படி விடலாம், அதுதானே கதை, அச்சகத்து முதலாளி மகனை உங்களுக்குத் தெரியுமே, கேளுங்கள், இன்னும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள் என்றாள். "அவரு எங்கயாவது உக்காந்து இதப் பாத்துட்டிருந்தா என்ன நெனைப்பாரு? பாதில விட்டுட்டாங்கன்னுதானே நெனைப்பாரு?"

அந்த இடத்தில் அண்ணன் சொல்லத் தொடங்கினார். அலமாரியில் இருந்த பிரதியை, காய்ந்த பசையை, உதிர்ந்த எட்டுப் பக்கத்தை. ஒரு புகார் மனு எழுதுகிறவர் மாதிரி தேதி வாரியாகச் சொன்னார். வேறு மாதிரி சொல்ல அவருக்கு வராது. முற்றும் என்று தான் எழுதிச் சேர்த்ததைச் சொன்னார். ஆசிரியரின் கடிதத்தைச் சொன்னார். கடைசியில், "மாப்ளைக்கு நான் கொடுத்தது அந்தப் புத்தகம்தான்" என்றார்.

தங்கை அவரைத் திட்டுவாள் என்று நினைத்திருந்தார். அழுவாள் என்றும் நினைத்திருந்தார். இரண்டும் இல்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். கடைசிப் பக்கங்களைப் பிரித்து, நடுவில் பசை போட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எந்தப் பக்கத்தோட நிக்கும், அது?"

"இருநூத்தி நாப்பது."

அந்தப் பக்கத்தின் கடைசி வரியைப் படித்தாள். உதடு அசைந்தது.

"அவருக்கு இதுதான் கடைசி வரியா?"

"ஆமா."

"அப்போ அவர் லேட்டாகல" என்றாள்.

அந்தப் பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் பாட்டுக்கு லேட்டாகுது, லேட்டாகுதுன்னு உக்காந்திருக்கேன். பத்தொம்பது முடிஞ்சப்புறம் ஏழு வருஷம் லேட்டுன்னு கணக்கு வச்சிட்டிருந்தேன். அவர்கிட்ட அந்தக் கணக்கே இல்ல." சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினாள். மடியில் வைத்தாள். எதிரே, படத்தின் பெரிய சுவரொட்டியில் கதாநாயகன் தராசோடு நின்றுகொண்டிருந்தான். ஒரு சின்னப் பெண் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சின்னப் பெண் போன பிறகு தங்கை கேட்டாள்.

"படிச்சு முடிச்சப்புறம் அவரு உங்ககிட்ட ஏதாவது கேட்டாரா? இதுதான் முடிவான்னு?"

கேட்டிருந்தார். அந்தப் புதன்கிழமைக்கு முந்தின ஞாயிறு. சாப்பிட்டுவிட்டு மாடி நடையில் இரண்டு பேரும் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை புத்தகத்தை விரல் நடுவில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "மச்சான், உங்க புத்தகம், உங்களத்தான் கேக்கணும். இவன் திரும்பிப் போகவே மாட்டானா? வீட்ல அவ இருக்காளே." அண்ணன் அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். இன்னொரு அத்தியாயம் இருக்கிறது மாப்ள, விட்டுப்போச்சு, என் தப்புதான் என்று நான்கு வார்த்தை. ஆனால் குடும்பத்தில் பூதக்கண்ணாடி என்ற பெயரைக் கேலியாகவும் பெருமையாகவும் சொல்கிற ஒரே மனிதர் மாப்பிள்ளைதான். அவர் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை. "அவ்வளவுதான் மாப்ள. அதான் கீழ முற்றும்னு போட்டிருக்கே" என்றார். மாப்பிள்ளை பக்கத்தைப் பிரித்து அந்தச் சொல்லைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் அண்ணன் சோபாவில் உட்கார்ந்திருந்தார். இதுதான் பாக்கி. தங்கையின் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, சற்று முன்பு கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாளே, அதே மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டார் என்று சொன்னால் போதும். திரும்பிப் போக வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கிறது என்பாள். வீட்டில் அவள் இருக்கிறாளே என்று சொன்னாரா என்பாள். கையெழுத்துப் போட மாட்டாள். கோர்ட்டுக்குப் போனாலும், இடித்துத் தள்ளினாலும், அந்தத் தெருமுனையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். அதோடு, இந்த அண்ணன் முகத்தில் இனி விழிக்கவும் மாட்டாள். இரண்டு காரணமும் ஒரே நேரத்தில் அவருக்குள் வந்தது. எது முதலில் வந்தது என்று அவரால் சொல்ல முடியாது.

"இல்ல" என்றார். "ஒண்ணும் கேக்கல."

"ஒண்ணுமே கேக்கலியா?"

"இல்லம்மா. நல்லா இருந்துச்சுன்னு சொன்னாரு. அவ்வளவுதான்."

தங்கை பின்னால் சாய்ந்தாள். தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டாள், கடையில் பில்லைச் சரிபார்த்து முடித்த மாதிரி. பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தாள். மகள் பெயரைத் தேடி அழுத்தினாள். காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தத்தைக் கூட்டித்தான் வைத்திருப்பாள். மறுமுனையில் பேசுவது அண்ணனுக்கும் கேட்டது.

"படம் பாத்துட்டியாம்மா?" என்றாள் மகள்.

"பாத்தாச்சு. நீ ஞாயித்துக்கிழமை வா. காகிதத்துல எங்க கையெழுத்துப் போடணும்னு பாத்துச் சொல்லு."

மகள் ஏன் என்று கேட்கவில்லை. இத்தனை வருடம் கேட்டு அலுத்தவள், இப்போது கேட்டுவிட்டால் எங்கே மாறிவிடுமோ என்று பயந்தவள் போல, உடனே சாமான்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். பீரோவைக் கொண்டு வரலாம். மிக்ஸி வேண்டாம். தையல் மிஷினுக்கு ஜன்னலோரம் இடம் இருக்கிறது.

"கட்டில என்ன பண்றதும்மா? பெரிய கட்டில். லாரில ஏத்திரலாமா?"

"வேண்டாம். அது இங்கயே கெடக்கட்டும், எடுக்கிறவங்க எடுத்துக்குவாங்க. எனக்குச் சின்னதா ஒண்ணு வாங்கி வை."

"எவ்வளவு அகலம்னு சொல்லு, நாளைக்கே பாக்கிறேன்."

தங்கை யோசித்தாள். போன் இல்லாத கையை மடியில் விரித்து, கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் சாணாக வைத்து, சோபாவின் மேல் தன் பக்கத்து அகலத்தை அளந்தாள். அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றது. அவரைப் பார்க்கவில்லை.

"மூணடி போதும்" என்றாள்.